காஞ்சனபுரியில் ஒரு கன்னரைத் தேடும்போது: எந்தச் சேவை எதற்கு ஆகும்?

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், ஐரோப்பாவில் உள்ளதுபோல் நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் கற்கள் கிடையாது. முழங்காலுக்கும் கீழே தாழ்வான ஒரு மேடை, அதன் சாய்வில் ஒரு வெண்கலத் தகடு, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட தாய்லாந்து–பர்மா ரயில் பாதையில் இறந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரிக்காரர் என்றால் தகட்டின் மேலே சக்கரம் வைத்த பீரங்கிச் சின்னம் இருக்கும். அதன்கீழ் எண், பதவி, பெயர், படை, இறந்த தேதி, வயது. கன்னர் (பீரங்கிப் படையின் சாதாரணச் சிப்பாய்), ஜூன் 1943, வயது 22 அல்லது 23 என்ற மாதிரித் தகடுகள் வரிசை வரிசையாக வருகின்றன. என்ன நோயில் போனார் என்பது மட்டும் தகட்டில் இருக்காது.

அந்த விடுபட்ட தகவலைத் தேடிப் போக நான்கு வாசல்கள் இருக்கின்றன: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல், கல்லறைத் தோட்டம், அதன் பக்கத்திலேயே இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம், லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். நான்கும் நல்ல சேவைகள்தான். ஆனால் ஒன்று தருவதை இன்னொன்று தராது. எதில் எதைக் கேட்பது என்று தெரியாமல் இறங்கினால் நேரமும் பணமும் வீண்.

முதலில் தேடப்படும் ஆள் யார் என்று தெளிவாக இருக்க வேண்டும். 15 பிப்ரவரி 1942 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரில் பலர் 18-வது டிவிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த டிவிஷனின் கடைசிப் பகுதி சிங்கப்பூரில் இறங்கியது பிப்ரவரி 5-ல். அதாவது சிலருக்குப் போர் என்பது பத்தே நாள். 125-வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்ட்டுக்கு அதுகூடச் சரியாக அமையவில்லை. அவர்கள் வந்த ‘எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா’ கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே குண்டுவீச்சில் எரிந்தது. பீரங்கிகள் கப்பலோடு போயின, ஆட்கள் துப்பாக்கியோடு காலாட்படையாக நின்றார்கள். எனவே ஒரு கன்னரின் ‘போர்ச் சேவை’யைத் தேடுகிறவர் பீரங்கி, குண்டு, தாக்குதல் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. பிடிபட்டபின் வந்த முகாம்கள்தான் அவருடைய சேவையின் பெரும்பகுதி. பயிற்சிக் காலத்தைக் கழித்தால் மீதம் இருப்பது அதுதான்.

ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம், வேகமானது. கல்லறை எண் வேண்டும் என்றால் இதைவிட நல்ல சேவை கிடையாது. குடும்பப்பெயர், முதல் எழுத்து, படை எண், பதவி, ரெஜிமென்ட், நாடு, கல்லறைத் தோட்டம், இறந்த தேதி என்று வடிகட்டலாம். படை எண் கையில் இருந்தால் வேறெதையும் நிரப்ப வேண்டாம். இரண்டாம் போர்க்காலத்துப் படை எண் பெயரைவிட நம்பகமானது. பெயரில் எழுத்துப்பிழை வரும், முதலெழுத்து விட்டுப்போகும், எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது ரெஜிமென்ட் பெட்டி. முதல் உலகப் போர்க்காலத்துப் பதிவுகளில் ‘ராயல் ஃபீல்ட் ஆர்ட்டிலரி’, ‘ராயல் கேரிசன் ஆர்ட்டிலரி’ என்று தனித்தனியாக இருக்கும். 1924-ல் அவை ராயல் ஆர்ட்டிலரி என்ற ஒரே பெயரின்கீழ் வந்துவிட்டன. எனவே 1943-ல் இறந்தவரைப் பழைய பெயரில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். 118-வது ஃபீல்ட் ரெஜிமென்ட், 80-வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்ட் போன்ற விவரம் பதிவைத் திறந்தபின் ‘யூனிட்’ வரியில்தான் வரும். இரண்டாவது பதவி. கன்னர், லான்ஸ் பம்பார்டியர், பம்பார்டியர் வரை சிக்கல் இல்லை. சார்ஜென்ட் என்றால் ஆணையம் பழைய ஆங்கில எழுத்துமுறையில், நடுவில் ‘ஜி’க்குப் பதில் ‘ஜே’ போட்டு எழுதும். வழக்கமான எழுத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று கைவிட்டவர்கள் நிறைய.

பதிவு கிடைத்ததும் பக்கத்தை மூடிவிடாமல் கீழே வரை உருட்ட வேண்டும். ‘கூடுதல் தகவல்’ வரியில் பெற்றோர் பெயர், ஊர், மணமானவர் என்றால் மனைவி பெயர் இருக்கும். குடும்பம் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தால் மட்டுமே இது இருக்கும், இல்லாவிட்டால் வயதுகூட இருக்காது. சில பதிவுகளில் கல்லறைப் பதிவுப் படிவத்தின் ஸ்கேன் இணைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. தேடல் முடிவுகளை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அருமை. ஒரே யூனிட்டில் ஒரே வாரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், அந்த முகாமில் கொள்ளைநோய் பரவிய வாரம் கண்ணில் படும். நோயின் பெயரைத் தராத சேவையிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே குறுக்குவழி அது.

‘தாய்லாந்தில் இறந்தவர் தாய்லாந்தில்தானே இருப்பார்’ என்று நாட்டுப் பெட்டியில் தாய்லாந்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. போர் முடிந்ததும் கல்லறைத் தேடும் குழு ஒன்று ரயில் பாதை நெடுக அலைந்து, 144 புதைகாடுகளில் 10,549 கல்லறைகளை அடையாளம் கண்டது. பட்டியலில் இருந்தவற்றில் கிடைக்காதவை 52 மட்டும். காட்டுக்குள் மூங்கில் சிலுவை நட்டுப் புதைத்த இடங்களை, கைதிகளே எழுதி ஒளித்துவைத்த குறிப்புகளைக் கொண்டு கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இது அசாத்தியமான கணக்கு. பிறகு உடல்கள் மூன்று இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டன. பாங்காக் பக்கத்திலிருந்து, பாதையில் இருந்த நீகே முகாம் வரையிலான தெற்குப் பகுதி காஞ்சனபுரிக்கு, நீகேயிலிருந்து மௌல்மெயின் வரையிலான வடக்குப் பகுதி பர்மாவின் தன்பியூசயத்துக்கு. சுங்காய் மட்டும் தனி. அது கைதிகள் தங்கள் மருத்துவமனை முகாமுக்காகத் தொடங்கிய புதைகாடு, அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.

எல்லைக்கோடு நாட்டு எல்லையில் விழவில்லை, நீகேயில் விழுந்தது. ஏப்ரல் 1943-ல் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற போர்க்கைதித் தொகுதி சுமார் 7,000 பேர். பான் போங்கில் ரயிலிலிருந்து இறக்கி, இரவிரவாகச் சுமார் 300 கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள். அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்கள் தங்கிய சோங்குராய் முகாம்கள் தாய்லாந்துக்குள்தான் இருந்தன, ஆனால் நீகேக்கு வடக்கே. அங்கே இறந்த கன்னரின் தகடு பர்மாவில் இருக்கும். நாட்டைக் காலியாக விட்டுப் பெயரை மட்டும் போட்டுத் தேடுவதே உத்தமம். கல்லறையே கிடைக்காதவர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுத் தூண்களில் இருப்பார்கள். அவர்களுடைய பதிவில் வரிசை எண்ணுக்குப் பதில் தூண் எண் இருக்கும்.

இனி நோய். இதற்கு ஆணையத்தின் தளத்தை விட்டு வெளியே வர வேண்டும். கியூவில் ‘டபிள்யூ.ஓ. 345’ என்ற தொடரில் ஜப்பானியர் வைத்திருந்த போர்க்கைதி அட்டைகள் இருக்கின்றன, 50,000-க்கு மேல். கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம். கைதி எண், பெயர், பதவி, யூனிட், பிறந்த தேதி, பிடிபட்ட இடமும் தேதியும், தந்தை பெயர், தாய் பெயர், சொந்த ஊர், படையில் சேருமுன் செய்த தொழில் எல்லாம் ஒரே அட்டையில். முகப்பின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டிருந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள். இறப்பு பற்றிய குறிப்பு ஜப்பானிய எழுத்தில் இருக்கும்.

அந்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேதி ‘ஷோவா’ ஆண்டில் இருக்கும், அதனோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. ஷோவா 17 என்றால் 1942, 18 என்றால் 1943. சிங்கப்பூர் ‘ஷோனன்’ என்று இருக்கும். நோய்ப் பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவை நான்கைந்துதான். ‘கொரேரா’ என்றால் காலரா, ‘மராரியா’ என்றால் மலேரியா, ‘செகிரி’ என்றால் சீதபேதி, ‘கக்கே’ என்றால் பெரிபெரி. ஜப்பானியம் வாசிக்கும் ஒருவரிடம் இந்தச் சொற்களை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிறுக்கல் கையெழுத்தைக்கூட ஐந்து நிமிடத்தில் படித்துவிடுவார். முழு மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அட்டையை முழுக்க நம்பவும் கூடாது. எஃப் ஃபோர்ஸும், அதேபோல் அனுப்பப்பட்ட எச் ஃபோர்ஸும் தாய்லாந்தில் வேலை செய்தாலும் நிர்வாகம் மலாயா முகாமின்கீழேயே இருந்தது. அட்டையில் மலாயா என்று பார்த்துவிட்டு ‘இவர் ரயில் பாதைக்கே போகவில்லை’ என்று முடிவுகட்டுவது அதனால் வரும் பிழை. மற்றொன்று, நோய் என்று எழுதப்பட்டிருப்பது ஒன்றாக இருக்கும், கொன்றது மூன்றாக இருக்கும்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தேடுகிறவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்: 22 வயதுப் பையன், குண்டடி படாதவன், எப்படி இறந்தான்? முகாமில் கொடுத்தது தீட்டிய வெள்ளரிசி, அதுவும் அளவு குறைவாக. நம் வீடுகளில் தெரிந்த விஷயம்தான், சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும். வைட்டமின் பி1 இல்லாமல் சில மாதங்கள் ஓடினால் பெரிபெரி. கால் மரத்துப்போகும் வகை ஒன்று, உடல் நீர்கோத்து வீங்கி இதயத்தில் போய் முடியும் வகை இன்னொன்று. முகாம் மருத்துவர்கள் தவிடு கிடைத்தால் அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். இந்தப் பலவீனத்தின்மேல் மலேரியா வரும், சீதபேதி வரும். மூங்கில் கீறிய சிறு காயம் புரையோடி எலும்பு தெரியும் புண்ணாகும். கூர்தீட்டிய கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுப்பதுதான் வைத்தியம், முடியாதபோது காலை வெட்டுவார்கள். இவை மெதுவாகக் கொல்பவை. அட்டையில் ‘கக்கே’ என்று இருந்தால் அதற்கு முன்னால் ஐந்தாறு மாத இறக்கம் இருந்திருக்கும்.

காலரா அப்படியல்ல. மே 1943-ல் பருவமழை இறங்கியது. வேலையை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது, கைதிகள் அதை ‘ஸ்பீடோ’ என்றார்கள். கழிவுக்குழிகள் நிரம்பி ஆற்றுநீரில் கலந்தன, வாந்திபேதி முகாம் முகாமாகப் போனது. காலையில் வேலைக்குப் போனவர் மறுநாள் இல்லை. உப்புநீரை நரம்பில் ஏற்றினால் பிழைக்கவைக்கலாம், அதற்கு ஊசியும் குழாயும் இல்லாமல் மூங்கில் துண்டும் ஸ்டெதஸ்கோப் ரப்பரும் கொண்டு செய்துபார்த்தார்கள். இறந்தவர்களைப் புதைக்கவில்லை, எரித்தார்கள். எனவே ஒரு கன்னருக்கு மே–ஜூன் 1943 தேதியும், தனிக் கல்லறைக்குப் பதில் கூட்டுக் கல்லறைக் குறிப்பும் இருந்தால் காலரா என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நீகே முகாமில் எரிக்கப்பட்ட சுமார் 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டே கல்லறைகளில் இருக்கிறது. பெயர்கள் தோட்டத்து நிழல்மண்டபச் சுவரில். அங்கே தேடிப் போகிறவர்கள் தகடுகளுக்கு நடுவே அலைந்துவிட்டு, மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

படைப்பணிப் பதிவேடு வேண்டுமானால் அதுவும் இப்போது கியூ வழிதான். பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவருகிறது. அதில் கேட்க வேண்டிய தாள் ‘பி 103’. வெளிநாட்டுப் பணியின் ஒவ்வொரு நகர்வும் ஒவ்வொரு வரி. காணாமல் போனதாக அறிவித்தது, போர்க்கைதி என்று தெரியவந்தது, இறந்ததாகப் பதிந்தது மூன்றும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும், நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி. குடும்பம் அந்த இடைவெளி முழுக்க ஒன்றும் தெரியாமல் இருந்தது என்பது அந்தத் தாளில் தேதிகளாக மட்டும் தெரியும். விண்ணப்பித்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், வாரக்கணக்கில் முடிகிற வேலை அல்ல.

காஞ்சனபுரியில் உள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தைத்தான் இந்த நான்கில் முதலிடத்தில் வைக்கலாம். ஆஸ்திரேலியரான ராட் பீட்டி தொடங்கியது, 2003 முதல் இயங்குகிறது. அருங்காட்சியகமாக மட்டும் பார்த்தாலும் கட்டணத்துக்குக் குறைவில்லை. ஆனால் உண்மையான மதிப்பு அவர்களுடைய கைதித் தரவுத்தளத்தில். எந்தத் தொகுதியோடு வந்தார், எந்த முகாம்களில் இருந்தார், முதலில் எங்கே புதைக்கப்பட்டார், ரயில் பாதையின் எந்தக் கிலோமீட்டரில் என்பதுவரை அவர்களால் சொல்ல முடியும். நேரில் போய் நின்றுகொண்டு கேட்பதைவிட, படை எண், முழுப்பெயர், யூனிட், இறந்த தேதி நான்கையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. நான்கும் ஆணையத் தளத்தில் கிடைக்கும், அதனால்தான் அந்தப் படியை முதலில் முடிக்கச் சொல்வது. மேல்மாடியிலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுவதும் தெரியும்.

தோட்டம் ஊருக்கு நடுவே சேங் சூதோ சாலையில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, மின்விசிறி மட்டும் உள்ள மூன்றாம் வகுப்பு. தோட்டத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. பராமரிப்பைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது, புல் வெட்டியவிதத்தைப் பார்த்தாலே தெரியும். வாசல் அருகே உள்ள பெட்டியில் பதிவேடு இருக்கும். கல்லறைக் குறிப்பு மூன்று பகுதி: தொகுதி எண், வரிசை எழுத்து, கல்லறை எண். தொகுதியைப் பிடித்துவிட்டால் மற்றது எளிது, அதைத் தவறவிட்டால் 5,000 காமன்வெல்த் கல்லறைகளுக்கும் 1,900-க்குக் கொஞ்சம் குறைவான டச்சுக் கல்லறைகளுக்கும் இடையே வெயிலில் நடக்க வேண்டும். நிழல் மிகக் குறைவு. ஏப்ரலில் பகல் 11 மணிக்குமேல் போகவே கூடாது. படம் எடுக்க வேண்டுமானாலும் காலைதான். வெண்கலம் உச்சிவெயிலில் கண்ணாடிபோல் அடிக்கும், ஒரு எழுத்தும் விழாது. தகட்டில் தண்ணீர் ஊற்றித் துடைப்பது, சாக்கட்டி தேய்ப்பது எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் நின்று குடையால் நிழல் பிடித்தால் எழுத்து தானாக எழும்பித் தெரியும்.

சுங்காய்க்கு ஆட்டோ பிடித்தோ ஆற்றில் படகிலோ போகலாம். க்வாய் நோய் ஆற்றங்கரை, 1,426 காமன்வெல்த் கல்லறைகள், 313 டச்சுக் கல்லறைகள், கூட்டமே இல்லை. மருத்துவமனை முகாம் என்பதால் மெல்ல மெல்ல இறந்தவர்கள்தான் இங்கே அதிகம். ஒருவருக்கு இங்கே தகடு இருந்தால் அவர் பாதையின் மேல்பகுதியில் விழுந்து, ரயிலிலோ படகிலோ கீழே கொண்டுவரப்பட்டு, சிகிச்சையில் சில வாரமோ மாதமோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ் வாசகருக்கு ஒரு விஷயம். கன்னரைத் தேடுவதற்கு இத்தனை வாசல் உண்டு. மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து இதே பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைத் தேட இவற்றில் ஒன்றும் உதவாது. ஆணையத்தின் பொறுப்பு படையினர் என்பதால் அதைக் குறைசொல்லவும் முடியாது. பாதையில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், தமிழர் என்று தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது ஆணையமே தரும் மதிப்பீடு. அவர்களுக்கு அட்டை எழுதவில்லை, மருத்துவ அதிகாரி இல்லை, போத்தலில் பட்டியலை ஒளித்துவைக்க ஆள் இல்லை. ‘பாட்டனார் சயாமுக்குப் போனார், வரவில்லை’ என்று மட்டும் தெரிந்த குடும்பம் ரயில்வே மையத்தில் கேட்கலாம், முகாம்கள் இருந்த இடங்களைக் காட்டுவார்கள், பெயர் கிடைக்காது. போர்க் கல்லறைக்கு அடுத்தாற்போலவே உள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடம் இருக்கிறது, 2023-ல் தமிழர்களுக்காக நட்ட நடுகல்லும் அங்கே உண்டு. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இதற்கு வழிகாட்டிப் பலகை எதிர்பார்க்க வேண்டாம், அந்தக் கோயிலை ‘வாட் யுவான்’ என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் கை காட்டுவார்கள்.